அமிகா 500 மெமரி கார்டில் கை வைக்கும் முன்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கமடோர் கம்பெனி 1987இல் கொண்டுவந்த அமிகா 500 என்ற வீட்டுக் கணினியின் அடிப்பக்கத்தைத் திருப்பிப் பார்த்தால் ஒரு சின்ன பிளாஸ்டிக் மூடி தெரியும். அதைத் திறந்து செருகும் ஏ501 என்ற மெமரி கார்டைப் பற்றியது இந்தப் பக்கம். பழைய மெஷின் வாங்கிய நண்பர்கள் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்டவை இவை. ஒரே பதிலைப் பத்துப் பேருக்குத் தட்டச்சு செய்து அலுத்துப்போய் ஒரே இடத்தில் எழுதிவைக்கிறேன். சால்டரிங் அயர்ன் பிடித்துப் பழகியவர்களை மனதில் வைத்து எழுதியது. பழகாதவர்கள் பேட்டரி பற்றிய பதிலை மட்டுமாவது படித்துவிடுங்கள்.

ஏ501 கார்டில் என்னதான் இருக்கிறது?

512 கேபி ரேம், நேரத்தை வைத்துக்கொள்ளும் ஒரு கடிகார சிப், அந்தக் கடிகாரத்துக்கு ஒரு பேட்டரி. மெஷினுக்குள் ஏற்கனவே 512 கேபி உண்டு, கார்டு சேர்ந்தால் மொத்தம் 1 எம்பி. பழைய கார்டுகளில் பதினாறு ரேம் சிப்புகள் வரிசையாக இருக்கும். பின்னால் வந்தவற்றில் நான்கே சிப்புகள், கொள்ளளவு அதேதான். கமடோரே செய்த கார்டு என்றால் மேலே தகரக் கவசம் போட்டு, அதன் காதுகளை முறுக்கி, இரண்டொரு இடத்தில் ஈயமும் வைத்திருப்பார்கள். உள்ளே என்ன நடக்கிறது என்று வெளியிலிருந்து தெரியாது. தொல்லையே அங்கேதான் ஆரம்பிக்கிறது.

முதலில் எதைச் செய்ய வேண்டும்?

இதை யாரும் கேட்பதில்லை. நானே கேட்டு நானே பதில் சொல்கிறேன்: கார்டை வெளியே எடுத்து, தகரத்தைப் பிரித்து, பேட்டரியை வெட்டி எறியுங்கள். வேறு எதைச் செய்தாலும் செய்யாவிட்டாலும் இதைச் செய்யுங்கள்.

அது 3.6 வோல்ட் நிக்கல் காட்மியம் பேட்டரி. வயதானால் கசியும். உள்ளே இருப்பது காரம், பொட்டாசியம் ஹைட்ராக்சைடு. அது செம்புத் தடங்களைத் தின்றுகொண்டே மெதுவாக நகரும். முதலில் கடிகார சிப்பின் கால்கள், பிறகு ரேம் சிப்புகள், விட்டுவைத்தால் செருகும் கனெக்டர் வரைக்கும் போகும். நான் திறந்த கார்டுகளில் ஒன்றில் பேட்டரியைச் சுற்றி நீலப்பச்சையாக, பழைய பித்தளைக் குத்துவிளக்கின் அடியில் படிந்திருக்குமே, அதே மாதிரி ஒரு பூப்பு. விரல் நகத்தால் தட்டியதும் மூன்று தடங்கள் பொடியோடு சேர்ந்து உதிர்ந்தன. வெளியிலிருந்து பார்த்தபோது அந்தக் கார்டு புத்தம் புதுசு.

கசிந்திருந்தால், பஞ்சு சுற்றிய குச்சியை வினிகரில் தோய்த்துத் துடையுங்கள். காரத்தை அமிலம் அடக்கும், சில இடங்களில் லேசாக நுரைக்கும். பிறகு தண்ணீர், கடைசியில் ஐசோபுரொபைல் ஆல்கஹால். நன்றாக உலரவிட்டு, ஒவ்வொரு தடத்தையும் மல்டிமீட்டரில் பீப் அடிக்கிறதா என்று பாருங்கள். கண்ணுக்கு முழுசாகத் தெரியும் தடம் பச்சை வார்னிஷுக்குள் அறுந்திருக்கும்.

பேட்டரி இல்லாவிட்டால் ரேம் வேலை செய்யுமா?

செய்யும். பேட்டரி கடிகாரத்துக்கு மட்டும். மெஷினை அணைத்தால் நேரம் மறந்துபோகும், அவ்வளவுதான்.

நேரமும் வேண்டும். சிஆர்2032 காசு பேட்டரி போடலாமா?

போடலாம், ஆனால் அப்படியே அதே இரண்டு துளைகளில் சால்டர் வைத்துவிடாதீர்கள். பழைய பேட்டரி ரீசார்ஜ் ஆகும் வகை என்பதால் மெஷின் ஓடும்போதெல்லாம் கார்டு அதற்கு மின்சாரம் ஏற்றிக்கொண்டே இருக்கும். சிஆர்2032 ரீசார்ஜ் ஆகாத லித்தியம். அதற்குள் மின்சாரத்தைத் தள்ளினால் வீங்கும், வெடிக்கவும் கூடும். நடுவில் ஒரு 1என்4148 டயோடு போடுங்கள், கோடு போட்ட முனை கார்டைப் பார்த்து இருக்கட்டும். பேட்டரியிலிருந்து வெளியே போகலாம், உள்ளே வர முடியாது.

டயோடு 0.6 வோல்ட்டைத் தின்றுவிடுமே என்று கேட்பவர்களுக்கு: ஓகியின் எம்எஸ்எம்6242 கடிகார சிப் 2 வோல்ட் வரைக்கும் நேரத்தை விடாமல் பிடித்துக்கொள்ளும். 2.4 தாராளம். காசு பேட்டரிக்கான ஹோல்டரும் டயோடும் சென்னை ரிச்சி தெருவில் எந்தக் கடையிலும் கிடைக்கும்.

கார்டைச் செருகினாலே 1 எம்பி ஆகிவிடுகிறது. பிறகு எதைத்தான் மாற்றுகிறீர்கள்?

முகவரியை. இதைப் புரிந்துகொண்டால் மீதி எல்லாம் சுலபம்.

அமிகாவில் படம், ஒலி இரண்டையும் 68000 பிராசஸர் கவனிப்பதில்லை. அக்னஸ், டெனிஸ், பாவ்லா என்று மூன்று தனிச் சிப்புகள் அந்த வேலைக்கு இருக்கின்றன. அவை மெமரியிலிருந்து நேரடியாகப் படித்துக்கொள்ளும். ஆனால் அக்னஸுக்கு எட்டுகிற மெமரியில் இருப்பதை மட்டும்தான் படிக்க முடியும். அந்த மெமரிக்குப் பெயர் சிப் ரேம். சாதாரண அமிகா 500இல் அது முதல் 512 கேபி. கார்டில் உள்ள 512 கேபியோ எங்கோ தூரத்தில், ஹெக்ஸ் கணக்கில் சி00000 என்ற முகவரியில் குடியிருக்கிறது. பிராசஸர் அங்கே போய்வரலாம். அக்னஸுக்கு அப்படி ஒரு தெரு இருப்பதே தெரியாது.

இதில் வேடிக்கை என்னவென்றால், கம்பிக் கணக்கில் பார்த்தால் கார்டின் ரேமை மேய்ப்பதும் அதே அக்னஸ்தான். அந்தச் சிப்புகளுக்கு வரிசை எண், பத்தி எண் அனுப்புவது அதுவே. தகவல் அழியாமல் புதுப்பிப்பதும் அதுவே. ஆகவே அக்னஸ் திரைக்குப் படம் எடுத்துக்கொண்டிருக்கும் நேரத்தில், கார்டு மெமரிக்குப் போக நினைக்கும் பிராசஸரும் வாசலில் காத்துக் கிடக்க வேண்டும். 640 புள்ளி அகலத்தில் 16 நிறம் வைத்தால், திரை வரையும் நேரம் முழுக்க பிராசஸருக்குக் கிட்டத்தட்ட இடமே கிடைக்காது. படமும் வைக்க முடியாது, வேகமும் கிடையாது. ஸ்லோ ரேம் என்று பெயர் வைத்தார்கள். நான் இரண்டுங்கெட்டான் ரேம் என்பேன்.

பின்னால் வந்த 8372ஏ என்ற அக்னஸுக்கு 1 எம்பி வரை எட்டும். அது உங்கள் மெஷினில் இருந்தால், கார்டின் மெமரியை சி00000இலிருந்து கிளப்பி, 080000இல், அதாவது முதல் 512 கேபி முடிகிற இடத்திலேயே, குடிவைத்துவிடலாம். அதற்கு மதர்போர்டில் ஜம்பர் என்ற இரண்டு சின்ன இணைப்புகளைக் கத்தியாலும் ஈயத்தாலும் மாற்ற வேண்டும். மெமரி ஒரு பைட்கூட அதிகமாகாது. இருந்த மெமரி உபயோகமான மெமரியாக மாறும். வேகத்தில் இழப்பு எதுவும் இல்லை, இழக்க அங்கே வேகம் இருந்தால்தானே.

அதனால் எனக்கு என்ன லாபம்?

படம் வரைபவர், இசை அமைப்பவர், ஒரே நேரத்தில் நான்கைந்து புரோகிராம் திறந்துவைப்பவர் என்றால் நல்ல லாபம். கணக்கைப் பாருங்கள். 320க்கு 256, 32 நிறம்: ஒரு திரைக்கு 51,200 பைட். பரவாயில்லை. 640க்கு 512, 16 நிறம்: 1,63,840 பைட். அனிமேஷனுக்காக இரண்டு திரை வைத்துக்கொண்டால் 3,27,680. மொத்த சிப் ரேமே 5,24,288தான். ஒர்க்பெஞ்ச் என்ற அமிகாவின் டெஸ்க்டாப்பும் அதிலிருந்தே தன் பங்கை எடுத்துக்கொள்ளும். ஒலித் துண்டுகளும் அங்கேதான் உட்கார வேண்டும். கார்டில் அரை எம்பி சும்மா கிடக்கும்போதே மெமரி போதாது என்று மெஷின் கையை விரிக்கும்.

விளையாட மட்டும்தான் வாங்கினீர்கள் என்றால் கத்தியை எடுக்காதீர்கள். 512 கேபி மட்டும் எட்டும் பழைய அக்னஸ் (8371) காலத்தில் எழுதிய விளையாட்டுகளுக்குப் பழைய அமைப்பே பொருந்தும்.

என் மெஷினில் இது முடியுமா?

மெஷினின் மேல் பெட்டியைத் திறந்து அக்னஸைப் பாருங்கள். 84 கால்கள் உள்ள சதுரச் சிப், சாக்கெட்டில் உட்கார்ந்திருக்கும். மேலே 8370 அல்லது 8371 என்று இருந்தால் அதற்கு 512 கேபிதான் எட்டும். முதலாவது அமெரிக்க டிவி முறையான என்டிஎஸ்சிக்கு, இரண்டாவது ஐரோப்பிய டிவி முறையான பிஏஎல்லுக்கு (PAL). 8372ஏ என்று இருந்தால் அதிர்ஷ்டம். மதர்போர்டில் ரெவ் 6ஏ (போர்டின் பதிப்பு எண்) என்று அச்சிட்டிருந்தால் பெரும்பாலும் அதுதான் இருக்கும். 8375 என்ற எண்ணில் பல வகை உண்டு, சிலவற்றின் கால் அமைப்பு வேறு. பாக எண்ணைச் சரிபார்க்காமல் 8372ஏ இருந்த இடத்தில் செருக வேண்டாம்.

பழைய அக்னஸை ஸ்க்ரூடிரைவரால் நெம்பி எடுக்கலாமா?

நான் எடுத்தேன். சாக்கெட்டின் மூலை உடைந்தது. சிப் பிழைத்தது, மாற்று சாக்கெட் தேடிப் போடுவதற்குள் ஒரு மாதம் போனது, பழைய சாக்கெட்டை உருவும்போது போர்டில் ஈயம் பிடிக்கும் செம்புப் பொட்டு (பேடு) ஒன்றும் கூடவே வந்துவிட்டது. இதற்கென்றே பிஎல்சிசி எக்ஸ்ட்ராக்டர் என்று ஒரு கொக்கி இருக்கிறது, ஒரு வேளை பிரியாணி விலைதான். இரண்டு மூலைகளிலும் மாற்றி மாற்றி, கொஞ்சம் கொஞ்சமாக.

சரி, ஜம்பரை எப்படி மாற்றுவது?

ரெவ் 6ஏ போர்டை வைத்துச் சொல்கிறேன், அதுதான் என் மேஜையில் கிடப்பது. பழைய போர்டுகளில் இடம் மாறும். உங்கள் ரெவிஷனுக்கான சர்க்யூட் படத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

இரண்டு இடம். ஒன்று ஜேபி2. மூன்று சின்ன பேடுகள் வரிசையாக இருக்கும், நடுப் பேடு ஒரு பக்கத்துப் பேடோடு மெல்லிய தடத்தால் சேர்ந்திருக்கும். நடுப் பேடு போவது அக்னஸுக்கு. ஓரத்தில் ஒன்று பிராசஸரின் ஏ23 முகவரிக் கம்பி, மற்றொன்று ஏ19. கடையிலிருந்து வரும்போது ஏ23 சேர்ந்திருக்கும். முகவரி சி00000 என்றால் ஏ23இன் மதிப்பு 1; அதைப் பார்த்து அக்னஸ் இரண்டாவது 512 கேபியைக் காட்டும். ஏ19க்கு மாற்றினால் 080000க்குக் காட்டும். முழு வித்தையும் இந்த ஒரு கம்பியில்தான்.

எந்தப் பேடு எது என்று யார் சொன்னதையும் நம்பாதீர்கள், நான் சொன்னாலும். மல்டிமீட்டரை பீப்பில் வையுங்கள். 68000இன் 47ஆம் கால் ஏ19, 52ஆம் கால் ஏ23. ஒரு முனையை அங்கே வைத்து மறுமுனையால் பேடுகளைத் தொட்டுப் பாருங்கள். இரண்டு நிமிட வேலை. தெரிந்ததும், நடுப் பேடுக்கும் ஏ23க்கும் இடையே உள்ள தடத்தை வெட்டி, மீட்டரில் பீப் நின்றதா என்று உறுதி செய்துகொண்டு, நடுவையும் ஏ19ஐயும் ஒரு துளி ஈயத்தால் இணையுங்கள்.

இரண்டாவது ஜேபி7ஏ. கார்டு செருகியதும் "நான் வந்துவிட்டேன்" என்று காரி என்ற சிப்புக்கு ஒரு கம்பி வழியே சேதி போகும். அந்தச் சேதி இருக்கும்வரை சி00000இல் ரேம் இருக்கிறது என்று காரி நினைத்துக்கொண்டிருக்கும். ஜேபி7ஏவை வெட்டினால் சேதி நின்றுவிடும். இதை மறந்துவிட்டு ஜேபி2ஐ மட்டும் மாற்றினால் ஒரே மெமரி இரண்டு முகவரியில் தலைகாட்டும். பிறகு வரும் கோளாறுகளுக்குக் காரணம் தேடி ராத்திரி முழுக்க உட்கார வேண்டியதுதான்.

கத்தி: புது பிளேடு, லேசான கை, நான்கைந்து கீறல். ஒரே அழுத்தில் வெட்டப் பார்த்தால் சறுக்கும். என் போர்டில் ஜேபி2க்குப் பக்கத்தில் ஒரு சென்டிமீட்டர் நீளத் தழும்பு இன்னும் இருக்கிறது. நல்லவேளை, அந்தப் பாதையில் தடம் எதுவும் இல்லை.

மாற்றம் வேலை செய்கிறதா என்று எப்படித் தெரியும்?

ஒர்க்பெஞ்சில் ஷெல்லை (கட்டளை தட்டும் ஜன்னல்) திறந்து அவைல் (Avail) என்ற கட்டளையைக் கொடுங்கள். மாற்றத்துக்கு முன் சிப், ஃபாஸ்ட் இரண்டு வரியிலும் அரை அரை எம்பி காட்டும் (ஸ்லோ ரேமை ஃபாஸ்ட் என்றே அது எழுதும், பெரிய மனசு). மாற்றத்துக்குப் பின் சிப் வரியில் மொத்தமும், ஃபாஸ்ட் வரியில் சைபரும் வர வேண்டும்.

பச்சைத் திரையோடு நின்றுவிட்டது!

சிப் ரேமில் கோளாறு என்று, மெஷினைக் கிளப்பும் கிக்ஸ்டார்ட் என்ற புரோகிராம் சொல்கிறது. மின்சாரத்தை நிறுத்திவிட்டு முதலில் கார்டைக் கழற்றி, கனெக்டரின் 56 ஊசிகளில் ஏதாவது வளைந்திருக்கிறதா, பேட்டரிப் பூப்பு படிந்திருக்கிறதா பாருங்கள். கார்டு இல்லாமல் மெஷின் கிளம்பினால் பழி கார்டின் மேல். அப்போதும் பச்சை என்றால் நீங்கள் வைத்த ஈயத்தைப் பூதக்கண்ணாடியில் பாருங்கள், பக்கத்துப் பேடையும் சேர்த்துப் பிடித்திருக்கும். எல்லாம் சரியாக இருந்தும் தகராறு என்றால், கிக்ஸ்டார்ட் ரோமுக்குப் பதிலாகச் செருகும் டயாக்ரோம் என்ற சோதனை ரோம் எந்த பிட் கெட்டது என்று காட்டிக்கொடுக்கும்.

சிவப்புத் திரை வேறு விஷயம்: அது கிக்ஸ்டார்ட் ரோமின் செக்சம் (உள்ளடக்கத்தைச் சரிபார்க்கும் கூட்டுத்தொகை) சரியில்லை என்பது. இந்த வேலைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை, அக்னஸ் எடுக்கும்போது ரோமைக் கை அசைத்திருந்தால் தவிர.

கார்டில் ஒரு ரேம் சிப் செத்துவிட்டது. எதை வாங்குவது?

பதினாறு சிப் கார்டு என்றால் 41256. நான்கு சிப் கார்டு என்றால் 44256, சில கம்பெனிகள் அதையே 514256 என்று எழுதும். எண்ணுக்குப் பின்னால் வரும் 15 என்பது 150 நானோ விநாடி, 12 என்பது 120. அமிகாவுக்கு 150 போதும். அதைவிட வேகமானது கிடைத்தால் அதையும் போடலாம். சாக்கெட் வைத்துப் போடுங்கள், அடுத்த தடவை உங்களையே வாழ்த்துவீர்கள்.

ஒரு எச்சரிக்கை. சாதாரண லாஜிக் சிப்புகளில் 8ஆம் கால் தரை (கிரவுண்ட்), 16ஆம் கால் 5 வோல்ட் என்று கை பழகியிருக்கும். 41256இல் தலைகீழ்: 8ஆம் காலில் 5 வோல்ட், 16இல் தரை. மீட்டர் முனையை மாற்றி வைத்து "போர்டில் மின்சாரமே தப்பாக வருகிறது" என்று பதறியவர்களில் நானும் ஒருவன்.

வேறு கம்பெனி நகல் கார்டு வைத்திருக்கிறேன். அதிலும் செய்யலாமா?

மாற்றம் நடப்பது மதர்போர்டில் என்பதால், 512 கேபி நகல் கார்டுகள் பெரும்பாலும் ஒத்துழைக்கும். 1.8 எம்பி போன்ற பெரிய கார்டுகள், காரி சிப்பைக் கழற்றி நடுவே ஒரு குட்டி போர்டைச் செருகச் சொல்பவை, தனி ஜாதி. அவற்றை இந்தப் பக்கத்தை நம்பித் தொடாதீர்கள்.

மாற்றிய பிறகு சில பழைய விளையாட்டுகள் ஓடவில்லையே?

ஓடாது. சி00000இல் மெமரி இருந்தே தீரும் என்று கண்ணை மூடிக்கொண்டு எழுதிய விளையாட்டுகளும் டெமோக்களும் உண்டு. அவை அங்கே போய்த் தட்டும், கதவு இருக்காது.

இதற்காகவே பலர் ஒரு சுவிட்ச் வைத்துவிடுகிறார்கள். இரண்டு துருவம், இரண்டு நிலை உள்ள சுவிட்ச்: ஒரு துருவம் ஜேபி2இல் ஏ19க்கும் ஏ23க்கும் இடையே மாற்றும், மற்றது ஜேபி7ஏவைச் சேர்க்கும், பிரிக்கும். கம்பி விரல் நீளத்துக்குள் இருக்கட்டும். மெஷின் ஓடும்போது சுவிட்சைத் தட்டாதீர்கள், பிராசஸரின் காலடியில் இருக்கும் மெமரியை உருவுவது போல அது. சுவிட்சுக்காகப் பிளாஸ்டிக் பெட்டியில் ஓட்டை போட வேண்டாம் என்பது என் கட்சி. அடி மூடிக்குள்ளேயே அடங்கும்.

ஐரோப்பாவிலிருந்து வாங்கிய மெஷினின் பவர் சப்ளை நம் ஊரில் ஓடுமா?

230 வோல்ட் என்று எழுதியிருந்தால் ஓடும், பிளக்கை மட்டும் மாற்றினால் போதும். அமெரிக்க மெஷின் என்றால் நம் ஊர் மின்சாரத்தில் நேராகச் செருகக் கூடாது. எந்த ஊராக இருந்தாலும், கார்டு செருகிய நிலையில் 5 வோல்ட் உண்மையில் எவ்வளவு வருகிறது என்று அளந்து பாருங்கள். 4.8க்குக் கீழே இறங்கினால் ரேமைக் குறை சொல்லாதீர்கள்.

இவ்வளவு வெட்டுவதற்குப் பதில் உண்மையான ஃபாஸ்ட் ரேம் போட முடியாதா?

முடியும். அமிகா 500இன் இடது பக்கச் செருகியில் மாட்டும் ஏ590 ஹார்ட் டிஸ்க் பெட்டிக்குள் 2 எம்பி வரை ரேம் போடலாம், பதினாறு 44256 சிப்புகள். அக்னஸ் அந்தப் பக்கம் எட்டிப் பார்க்காது என்பதால் பிராசஸர் காத்திருக்க வேண்டியதில்லை. ஆனால் படமும் ஒலியும் அங்கே வைக்க முடியாது. அதனால் ஒன்றுக்குப் பதில் மற்றது என்று இல்லை. இரண்டும் செய்தால்தான் மெஷின் நிமிர்ந்து உட்காரும்.

1991இன் அமிகா 500 பிளஸ் வைத்திருக்கிறேன். அதற்கும் இதே வேலையா?

தேவையே இல்லை. அதில் 1 எம்பி சிப் ரேம் போர்டிலேயே இருக்கிறது, ஏ501 பிளஸ் கார்டு போட்டால் 2 எம்பி. ஆனால் அந்த மாடலில் கடிகாரமும் பேட்டரியும் கார்டில் இல்லை, மதர்போர்டிலேயே உட்கார்ந்திருக்கின்றன. இந்தப் பக்கத்தை மூடிவிட்டு முதலில் மெஷினைத் திறங்கள்.

வெட்டிய ஜம்பரைப் பழையபடி ஆக்க முடியுமா?

முடியும். ஏ19 பக்கத்து ஈயத்தை உறிஞ்சி எடுத்துவிட்டு ஏ23 பக்கம் ஒரு துளி வையுங்கள், ஜேபி7ஏவிலும் ஒரு துளி. போன வருஷம் ஒருவருக்கு மெஷினைக் கொடுக்கும் முன் அப்படித்தான் செய்தேன். அவருக்கு விளையாட்டு மட்டும் போதுமாம். தழும்பை மட்டும் காட்டிக்கொடுத்தேன்.